லூர்துராணி போட்ட பூட்டு

அரியமங்கலத்தில் லூர்துராணியைப் பற்றிக் கேட்டால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள், வேலையைப் பற்றி அப்புறம்தான். வாய் நீளம்தான், மறுப்பதற்கில்லை. நாற்பத்திரண்டு வயது, குட்டையான உருவம், சுடிதாருக்கு மேல் ஆண்கள் சட்டை, காலில் கனத்த ரப்பர் ஷூ. ஐடிஐயில் வயர்மேன் படிப்பு முடித்த வருஷம் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பதினைந்து வருஷம் மோட்டார் பட்டறைகளில் காயில் சுற்றி, பிறகு பரீட்சை எழுதி சூப்பர்வைசர் லைசென்ஸ் வாங்கினாள். அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கல்யாணப் போட்டோ அதற்குக் கீழேதான் தொங்குகிறது என்று, காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் எடை போடும் அவள் கணவன் பெஞ்சமின் இன்றைக்கும் கேலி செய்வான்.

வாய்க்கு அடுத்தபடி அவளிடம் இருந்தது பூட்டுப் பைத்தியம். பட்டறையில் இருந்த காலத்தில் பிச்சமுத்து என்கிற மேஸ்திரி மெயினை இறக்கிவிட்டு மோட்டாருக்குள் கையை விட்டிருந்தார். அடுத்த ஷெட்டிலிருந்து வந்த ஒருவன், எவன்டா மெயினை இறக்கினது என்று திட்டிக்கொண்டே ஏற்றிவிட்டான். பிச்சமுத்து உட்கார்ந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஏற்றியவன் கெட்டவன் இல்லை. இறங்கிக் கிடக்கிற ஸ்விட்சைப் பார்த்தால் ஏற்றத்தான் தோன்றும், மனுஷக் கை அப்படி. அன்றிலிருந்து லூர்துராணி எந்த ஸ்விட்சை இறக்கினாலும் அதில் ஒரு பூட்டைப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதிய அட்டையை மாட்டி, சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். கூட வேலை செய்தவர்கள் அவளுக்குப் பூட்டுராணி என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போங்கடா, கை இருந்தால்தானே கேலிக்குக் கை தட்ட முடியும் என்பாள்.

வீட்டு மொட்டை மாடிகளில் சோலார் ஏற ஆரம்பித்தபோது அந்தப் பைத்தியம் விதியாகவே வந்து சேர்ந்தது. இன்வெர்ட்டருக்கும் மீட்டருக்கும் நடுவில், வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே வெளியாள் தொடக்கூடிய இடத்தில், இறக்கிப் பூட்டக்கூடிய ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டும். கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கும் மாடியில் வேலை செய்கிறவனுக்கும் அதுதான் உயிர். லூர்துராணி சேர்ந்த சோலார் கம்பெனியின் முதலாளி சிவசங்கர் அவளைச் சேர்த்துக்கொண்டதே, கையெழுத்துப் போட ஒரு லைசென்ஸ் வேண்டும் என்பதற்காகத்தான். அவள் லைசென்ஸோடு வாயையும் கொண்டு வந்தது அவருக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. சிவப்பு ஸ்விட்ச் இல்லாத வீட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இரண்டு தடவை சண்டை போட்டாள், இரண்டு தடவையும் ஜெயித்தாள்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் சேஷுவின் வீடு. பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாதவர். நெற்றியில் திருமண், கையில் எப்போதும் போன். மகன் தேசிக் அமெரிக்காவில் இருந்தான். மாடிக்கு சோலார் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்த மருமகள் மைத்ரேயி மாமனாரோடு இருந்தாள். இன்றைக்கு எத்தனை யூனிட் வந்தது என்று சேஷு இங்கே போனில் பார்ப்பார், மகன் அங்கே போனில் பார்ப்பான், அப்பாவும் பிள்ளையும் வாரம் முழுக்கப் பேசிக்கொள்வது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வாசல் சுவரில், சங்கு சக்கரம் பதித்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, சிவப்பு ஸ்விட்ச் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விதி என்றதும் தலையசைத்துவிட்டார், அவர் அப்படிப்பட்ட மனுஷர். பிடிக்காதது லூர்துராணியின் பூட்டு. முதல் சர்வீஸுக்கு வந்தபோது அவள் தன்னுடைய பூட்டை மாட்டியதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு வாசலில் தன்னிடம் சாவி இல்லாத பூட்டு தொங்குவது மனசுக்கு என்னமோ போல இருக்கிறது என்று சிவசங்கருக்குப் போன் செய்தார். அடுத்த முறை அவரே நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதற்கு இரண்டு சாவி. ஒன்றை அவளிடம் கொடுத்தார், இன்னொன்று பெருமாள் அலமாரியில் இருக்கும், யாரும் தொட மாட்டார்கள் என்றார். சிவசங்கரும், கஸ்டமர் ஆசைப்படுகிறார், போட்டுக்கொள்ளேன் என்றார்.

இரண்டாவது சாவி இருக்கிற பூட்டு பூட்டே இல்லை என்று லூர்துராணிக்குத் தெரியும். பட்டறையில் இருந்தவரை எவன் இப்படிச் சொல்லியிருந்தாலும் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். ஆனால் சேஷு அவளை வாங்கோ போங்கோ என்று பேசினார், அந்த வீதியில் அவளை யாரும் அப்படிப் பேசியதில்லை. பொய் சொல்லத் தெரியாத முகம் வேறு. சரி சார் என்று ஒரு சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த தப்பு அது ஒன்றுதான், அதையும் மரியாதைக்கு மயங்கிச் செய்தாள்.

சித்திரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக யூனிட் ஏறவில்லை என்று தேசிக் அங்கிருந்து கம்பெனியை அரித்து எடுத்தான். திருவிழா முடியட்டும், வீதி முழுக்கக் கூட்டம் என்று லூர்துராணி சொல்லிப் பார்த்தாள். சிவசங்கர் கேட்கவில்லை. அவளும் மாதவனும் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாதவன் முப்பது வயது எலெக்ட்ரீஷியன், ஐந்து வருஷமாக அவளோடு வேலை செய்கிறவன், கெட்டிக்காரன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அவள் ஸ்விட்சை இறக்கினாள், சேஷுவின் பூட்டைப் போட்டாள், அட்டையை மாட்டினாள். வழக்கம்போலத் தன் போனில் ஒரு போட்டோ எடுத்துக் கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டாள். மணி ஒன்பது பத்து. மாடிக்குப் போக வீட்டுக்குள் நல்ல மாடிப்படி இருந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்கு அது கிடையாது, கொல்லைப்புறத்து இரும்பு ஏணிப்படிதான். ஆகவே உள்ளே பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்த மைத்ரேயிக்கு, ஆள் வந்ததும் தெரியாது, மாடியில் இருப்பதும் தெரியாது.

மேலே இன்வெர்ட்டர் கம்பி சேரும் பெட்டியைத் திறந்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கருகிப்போன கம்பி முனையை மாற்ற மாதவன் ஏணியில் ஏறினான். லூர்துராணி நாலு எட்டுத் தள்ளிப் பலகைகளின் எர்த் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்தது.

கீழே சேஷு தெளித்த வாசலில் தேங்காய்த் தட்டோடு வந்து நின்றார். வாசலில் பூட்டு தொங்குகிறது. பெருமாள் வீதி வரும் நேரத்தில் அடைத்த வீடு போல வாசலில் பூட்டு. அவருக்குத் தாங்கவில்லை. அலமாரியிலிருந்து சாவியை எடுத்து வந்து பூட்டைக் கழற்றி, அட்டையோடு உள்ளே கொண்டுபோய் வைத்தார். ஸ்விட்சை அவர் தொடவில்லை. தொடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பிறகு பெருமாளை எதிர்கொள்ள வீதி முனை வரை போனார்.

அந்த ஐந்து நிமிஷத்துக்குள் அமெரிக்காவிலிருந்து தேசிக் தன் மனைவியைக் கூப்பிட்டான். ஆள் வந்திருப்பது அவனுக்கும் தெரியாது. தூங்கப் போகும் முன் ஒரு தடவை பார்த்தானாம், இன்னும் ஆஃப் என்றே காட்டுகிறதாம். வாசலில் சிவப்புக் கைப்பிடி இறங்கியிருந்தால் ஏற்றிவிடு என்றான். அவள் வெளியே வந்தாள், இறங்கியிருந்தது, ஏற்றினாள்.

மாதவன் கத்தக்கூட இல்லை. கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது, உடம்பு ஒரு முறை உதறியது, ஏணியோடு சாய்ந்து கைப்பிடிச் சுவரில் இடுப்பு அடிபட்டு விழுந்தான். வீதியில் மேளம் கொட்டிக்கொண்டிருந்ததால் லூர்துராணி அலறியது அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. அவளே அவன் நெஞ்சை அமுக்கி மூச்சு வரவழைத்தாள். கூட்டம் விலகி ஆம்புலன்ஸ் உள்ளே வர முக்கால் மணி நேரம் ஆனது.

உயிர் பிழைத்தான். வலது உள்ளங்கை வெந்துபோயிற்று, இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்துபோயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு சிவசங்கர், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார். யாருடைய தலை, யாருடைய தலைப்பாகை என்று லூர்துராணி கேட்கவில்லை, அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை.

மின் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. கேட்கப்போவது ஒன்றே ஒன்று, பூட்டு போட்டிருந்ததா இல்லையா. போட்டிருந்தால் கழற்றியவர் யார், ஏற்றியவர் யார் என்று போலீஸ் அந்த வீட்டுக்குப் போகும். போடவில்லை என்றால் சூப்பர்வைசர் லைசென்ஸ் போகும், அவ்வளவுதான். கம்பெனி குரூப்பில் அவள் போட்ட போட்டோவைத் தேடினாள். அது நீக்கப்பட்டிருந்தது, குரூப் அட்மின் சிவசங்கர்தான். ஆனால் அவள் போனில் அது இருந்தது, தேதியோடும் நேரத்தோடும்.

போனை எடுத்துக்கொண்டு சித்திரை வீதிக்குப் போனாள். சேஷு வாசலிலேயே நின்று பேசினார். அவள் சண்டைக்கு வரவில்லை, ஒரு வார்த்தை தெரிந்துகொண்டு போக வந்தாள்.

"நீங்க பூட்டைக் கழட்டினீங்களா இல்லையா சார்? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, போதும்."

சேஷு வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கழட்டினேன்மா. பெருமாள் அந்தண்டை ஏளி வாசலைத் தாண்டினதும் திரும்பப் போட்டுடலாம்னுதான் இருந்தேன்."

அவர் கண் கலங்கியது, பொய்க் கண்ணீர் இல்லை. மைத்ரேயிக்கு அடுத்த வாரம் சென்னையில் விசா நேர்காணல். போலீஸ் கேஸில் பெயர் வந்தால் அவள் வாழ்க்கை முழுக்க இங்கேயே நின்றுவிடும். மைத்ரேயியிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் ஸ்விட்சை ஏற்றியதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை, வேலைக்காரர்கள் ஏதோ கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார். விசாரணையில் தானும் பூட்டு எதையும் பார்க்கவில்லை என்றே எழுதிக் கொடுக்கப்போகிறார். இதையெல்லாம் லூர்துராணியிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் வரிசையாகச் சொன்னார். கடைசியில், உங்களுக்கு ஒரு கஷ்டமும் வராமல் தினம் பெருமாளிடம் பிரார்த்தித்துக்கொள்கிறேன் என்றார்.

லூர்துராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறைந்திருந்தால்கூட ஆத்திரம் இவ்வளவு வந்திருக்காது. இந்த மனுஷர் தன்னை ஏமாற்றவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு, பொய் சொல்லப்போவதையும் சொல்லிவிட்டு, பிரார்த்தனையும் செய்கிறார். திரும்பி நடந்தாள்.

பெஞ்சமின் ஒரே பேச்சாக இருந்தான். போட்டோவைக் காட்டு, எவன் எக்கேடு கெட்டால் உனக்கென்ன என்றான். காட்டத்தான் போகிறேன் என்று அவளும் சொன்னாள். விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாதவனின் மனைவி ரஞ்சனி வந்தாள்.

ரஞ்சனி உட்கார மாட்டேன் என்றாள். சிவசங்கர் சார் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பார்த்துக்கொள்கிறார், இடுப்புக்கு இன்னும் ஒரு ஆபரேஷன் இருக்கிறது, அதன் பிறகு கம்பெனி குடோனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீரங்கத்து வீட்டின் மேல் பழி விழுந்தால் அந்த வீதிகளில் இனிமேல் ஒருத்தரும் சிவசங்கர் கம்பெனியைக் கூப்பிட மாட்டார்கள். கம்பெனி இல்லையென்றால் எந்தச் செலவும் இல்லை, எந்த வேலையும் இல்லை. யாரும் தன்னை அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தேன் என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவையில் லூர்துராணிக்குப் புரிந்துபோயிற்று.

"மாதவன் என்ன சொல்லப்போறான்?" என்று கேட்டாள்.

"பூட்டு போட்ட மாதிரி தெரியலைன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க." ரஞ்சனி சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குப் போறது காகிதம்க்கா. அவருக்குப் போனது இடுப்பு."

போகும்போது அழுதாள். லூர்துராணி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. காகிதமாம். பதினைந்து வருஷம் கையில் சூடு பட்டு, ஆம்பளைகள் சிரித்ததை எல்லாம் கேட்டு, ராப்பகலாகப் படித்து வாங்கினது இவளுக்குக் காகிதம். ஆனால் ரஞ்சனி பொய்யும் சொல்லவில்லையே என்று நினைத்தபோது இன்னும் ஆத்திரமாக வந்தது. அதோடு அந்த இரண்டாவது சாவியும் வந்து நின்றது. தன் பூட்டைப் போட்டிருந்தால் எந்தப் பெருமாள் வந்தாலும் அது திறந்திருக்காது. நீங்கள் நல்லவர் சார் என்று விட்டுக்கொடுத்தவள் அவள்தானே. மாதவன் ஏணியில் ஏறியது அவள் பேச்சை நம்பித்தான்.

விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. சேஷுவின் கடிதத்தை வாசித்தார்கள், பூட்டு எதையும் பார்க்கவில்லை. மாதவன் படுக்கையிலிருந்து கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார்கள், பூட்டு போட்டதாகத் தெரியவில்லை. கம்பெனி சார்பாக சிவசங்கர், பூட்டுப் போடும்படி தாங்கள் எப்போதும் வலியுறுத்துவதாக எழுதியிருந்தார். வேலிக்கு ஓணான் சாட்சி. அதிகாரி கண்ணியமானவர், அவளைத் திட்டவில்லை. பூட்டுப் போட்டதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா, யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றார். போன் அவள் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. பையின் ஜிப்பைக்கூடப் பாதி இழுத்தாள்.

"இல்ல சார்," என்றாள்.

லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். பணிப் பாதுகாப்பை மீறியதால், பூட்டு போடாமல் வேலை செய்ததால் என்று உத்தரவில் காரணம் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு பெஞ்சமின் சுவரிலிருந்து சட்டத்தை இறக்கி பீரோவுக்கு மேல் வைத்தான். சிவசங்கர் மூன்று மாதம் கழித்து வேறொரு லைசென்ஸ்காரரைச் சேர்த்துக்கொண்டார், கேள்வி கேட்காதவர். சேஷு வீட்டு வாசலில் இருந்த ஸ்விட்சை, அபசகுனமாகப் போய்விட்டது என்று, வீட்டுக்குள் மாடிப்படி அடியில் மாற்றிக் கொடுத்தது அந்தப் புதியவர்தான். இனி அந்த வீதியில் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் முதலில் கதவைத் தட்ட வேண்டும். மைத்ரேயி அமெரிக்கா போய்விட்டாள்.

அந்த ஒரு வருஷம் லூர்துராணி மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் பழுது பார்த்தாள். ஊருக்கு இளைச்சவள் என்றானதும் அரியமங்கலத்துப் பையன்கள்கூட, என்னக்கா பூட்டைத் தொலைச்சுட்டீங்களா என்று கேட்டார்கள். பழைய லூர்துராணியாக இருந்தால் அவர்கள் ஊரை விட்டே ஓடியிருப்பார்கள். இப்போது ஃபேனைத் திருப்பி வைத்துக்கொண்டாள். ஒருநாள் சத்திரம் பஸ் நிலையத்தில் மாதவனைப் பார்த்தாள். கையில் தடியோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் எந்த ஊர் போகிற பஸ் என்றுகூடப் பார்க்காமல் எதிரில் நின்ற ஒன்றில் ஏறிவிட்டான், அந்த இடுப்போடு. அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டிருப்பாள்.

போட்டோ மட்டும் இருந்தது. இடம் போதவில்லை என்று போன் சொல்லும்போதெல்லாம் வேறு எதையாவது அழித்தாள். அக்காள் மகள் கல்யாணப் படங்கள் பாதி அப்படிப் போயின.

வருஷம் முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் திரும்பி வராது, மூன்று நாள் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதித் தேற வேண்டும். நாற்பது பேர் இருந்த வகுப்பில் பெண்கள் அவளோடு சேர்த்து மூன்று பேர். பாடம் எடுத்தவர் சின்ன வயசுக்காரர், நன்றாகவே எடுத்தார். மூன்றாம் நாள் திரையில் ஒரு வீட்டின் படம் போட்டு, நம் ஊரிலேயே சமீபத்தில் நடந்தது என்று ஆரம்பித்தார். பெயர் எதுவும் சொல்லவில்லை. மாடியில் ஆள், கீழே ஸ்விட்ச், பூட்டு போட மறந்த சூப்பர்வைசர். ஐந்து வருஷம் கூட வேலை செய்தவனை ஒரு நிமிஷச் சோம்பலில் முடமாக்கிவிட்டார் என்றார்.

பக்கத்தில் இருந்த பெண் அவளிடம் குனிந்து சொன்னாள். "அதுவும் ஒரு லேடியாம்க்கா. இவங்களாலதான் நம்மளையும் எவனும் நம்ப மாட்டேங்குறான்."

லூர்துராணி தலையை ஆட்டினாள்.

மத்தியானம் பரீட்சை வைத்தார்கள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த கேள்விகள், அரை மணி நேரத்தில் எழுதி முடித்தாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது பேனா நின்றது. காலையில் விவரித்த வீட்டு சோலார் விபத்துக்கான காரணத்தை எழுதுக, ஐந்து மதிப்பெண். அது கட்டாயக் கேள்வி, அதில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தேற முடியாது. அந்த அறையில் அதற்குச் சரியான விடை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த விடையை எழுதினால் பூஜ்யம்.

மற்றவர்கள் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல எழுதினாள். சூப்பர்வைசர் பூட்டு போடவில்லை. அவருடைய கவனக்குறைவே காரணம்.

பாடம் எடுத்தவர் அங்கேயே திருத்தினார். அவள் தாளின் கடைசிப் பக்கத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டு, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்கம்மா," என்றார். "இதைப் புரிஞ்சுக்கிட்டாப் போதும், உங்களை நம்பி ஆளை மேல ஏத்தலாம்."